வாயைத் திறந்தால் போதுமா?

கேள்வி: பிரசங்கத்துக்குக் குறிப்பு எழுதுவதும் விளக்கவுரைகளைப் புரட்டுவதும் அவிசுவாசம் அல்லவா? ‘உன் வாயை விரிவாய்த் திற, நான் அதை நிரப்புவேன்’ என்று சங்கீதம் 81:10 சொல்கிறதே! நீங்கள் ஒரு பிரசங்கத்துக்கு எத்தனை மணி நேரம் படிக்கிறீர்கள்?
– ஓர் ஊழியர்

பதில்: சகோதரரே, இன்னும் ஆறே வசனங்கள் வாசித்திருந்தால் இந்தக் கேள்வியை எழுதியிருக்க மாட்டீர்கள். வாயை எதனால் நிரப்புவார் என்று 16ஆம் வசனம் சொல்கிறது: கோதுமையாலும் தேனாலும். அது பசித்த ஜனத்துக்குக் கொடுத்த வாக்கு. பிரசங்கிகளைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. ‘என்னத்தைப் பேசுவோம் என்று கவலைப்படாதிருங்கள்’ என்ற மத்தேயு 10:19ஐ அடுத்ததாக எடுத்துவருவீர்கள் என்று தெரியும். அது விசாரணைக்கு இழுத்துச் செல்லப்படுகிறவர்களுக்குச் சொன்னது. உங்களை யாரும் கைது செய்து பிரசங்க பீடத்தில் ஏற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரும் என்பது திங்கட்கிழமையே உங்களுக்குத் தெரியும்.

ஆவியானவர் பீடத்தில்தான் உதவுவார், படிக்கும் மேசையில் உதவமாட்டார் என்று யார் சொன்னது? ஆதிமுதல் எல்லாவற்றையும் விசாரித்தறிந்தே எழுதுகிறேன் என்கிறார் சுவிசேஷம் எழுதிய லூக்கா. மரணம் நெருங்கிவிட்டது என்று அறிந்த அப்போஸ்தலன் பவுல், சிறையிலிருந்து மேலங்கியோடு புஸ்தகங்களையும் கேட்டு அனுப்புகிறார், விசேஷமாய்த் தோற்சுருள்களை. அவருக்கு ஆவியானவரின் அபிஷேகம் குறைவு என்பீர்களா?

படிக்காமல் பேசினால் என்ன நேரும் என்பதற்கு எரேமியா 29:11ஐ விடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது. சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்ற அந்த வசனத்தைப் புத்தாண்டு வாக்குத்தத்தமாகக் கொடுக்காத சபை அரிது. யாருக்கு எழுதிய கடிதம் அது? பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு. திரும்பிவர எழுபது வருஷம் ஆகும் என்ற கணக்கு முந்தின வசனத்தில் இருக்கிறது. கடிதத்தை வாசிக்கக் கேட்டவர்களில் பெரும்பாலோர் அந்நிய மண்ணிலேயே சாகப்போகிறவர்கள். அதனால்தான் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள் என்கிறார் தீர்க்கதரிசி. இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று மேடையில் முழங்கியவன் வேறொருவன். 28ஆம் அதிகாரத்தில் வரும் அனனியா. கர்த்தர் அவனை அனுப்பவில்லை என்று எரேமியா அவன் முகத்துக்கு நேரே சொன்னார். இந்த மாதத்துக்குள் விடுதலை என்று 29:11ஐக் காட்டி நாம் கத்தும்போது, எரேமியாவின் வசனத்தை வைத்துக்கொண்டு அனனியாவின் பிரசங்கத்தைச் செய்கிறோம். தீராத நோயோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவர் அதை நம்பிவிடுகிறார். மாதம் முடிந்ததும் அவருக்கு யார் பதில் சொல்வது?

தயாரிக்காதவர் வாயில் புதிதாக எதுவும் வருவதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன். போன மாதம் சொன்ன அதே சாட்சி, அதே நான்கு வசனங்கள், சத்தம் மட்டும் கொஞ்சம் கூடுதல். சபையார் பொறுமைசாலிகள்; வெளியே சொல்வதில்லை.

மறுபக்கத்தில் ஓர் ஆபத்து உண்டு, அது என்னைப் போன்றவர்களுக்கு. வேதத்தில் எந்தப் பகுதியைத் திறந்தாலும் பிரசங்கத்துக்கு மூன்று தலைப்புகள் கிடைக்குமா என்றே கண் தேடும். அப்படித் தேடுகிறபோது வேதம் என்னோடு பேசுவது நின்றுவிடுகிறது. பிறரைக் கண்டிக்க வசனம் பொறுக்குகிறவனாகிவிடுகிறேன். எஸ்றா வேதத்தை ஆராயவும், அதன்படி செய்யவும், உபதேசிக்கவும் தன் இருதயத்தைப் பக்குவப்படுத்தினான் என்று எஸ்றா 7:10இல் இருக்கிறது. நடுவில் உள்ளதைத் தாண்டிக் குதிக்க எனக்கு எப்போதும் ஆசை வரும்.

மணிக்கணக்கு கேட்டீர்கள். அது பகுதிக்குப் பகுதி மாறும். புத்தகம் முழுவதையும் ஒரே மூச்சில் வாசிப்பேன்; பிறகு யார், யாருக்கு, எந்த நிலையில் சொன்னது என்று பார்ப்பேன். விளக்கவுரையைக் கடைசியில்தான் திறப்பேன், முதலில் திறந்தால் அதை எழுதியவர் கண்ணாலேயே பார்க்கத் தோன்றும். பகுதி சொல்வதை ஒரே வாக்கியத்தில் எழுத முடியாதவரை குறிப்பு எழுதத் தொடங்குவதில்லை. பீடத்தில் ஆவியானவர் குறிப்பை மாற்றினால் தாராளமாக மாற்றட்டும். முதலில் 81ஆம் சங்கீதத்தை ஒருமுறை முழுவதும் வாசித்துவிடுங்கள்.

– ஆசிரியர்