மனிதப் பரிணாமத்திற்கு நம் வட ஆர்க்காட்டுப் பக்கம் ஆதாரம் ஏதேனும் உண்டா?

மனிதப் பரிணாமத்திற்கான சான்றுகள் எல்லாம் ஆப்பிரிக்காவில்தானா, நம் பக்கம் எதுவும் இல்லையா, லட்சக்கணக்கான ஆண்டுகள் என்று எதை வைத்துக் கணக்கிடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். வேலூரில் மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் கற்பிக்கும் எனக்கு, ஆண்டுதோறும் மாணவர்களிடமிருந்து வரும் கேள்வி இது.

எலும்புச் சான்றுகளில் மிகப் பழையவை ஆப்பிரிக்காவில்தான் உள்ளன. தான்சானியாவின் லேட்டோலியில் எரிமலைச் சாம்பலில் பதிந்த ஏறத்தாழ 36 லட்சம் ஆண்டுப் பழமையான காலடித் தடங்களும், எத்தியோப்பியாவில் 1974இல் கிடைத்த 32 லட்சம் ஆண்டுப் பழமையான, 'லூசி' என்று பெயரிடப்பட்ட மனித முன்னோடியின் எலும்புகளும், மூளை பெரிதாவதற்கு வெகு காலம் முன்பே நம் முன்னோர் இரு காலில் நடந்துவிட்டனர் என்பதைக் காட்டுகின்றன.

நம் பக்கத்துச் சான்று கல். பழைய வட ஆர்க்காட்டு மாவட்டத்தில் நீர்ப்பிடிப்பைக் கொண்ட கொசஸ்தலை ஆறு திருவள்ளூர் பக்கம் பாயும் இடத்தில் அத்திரம்பாக்கம் இருக்கிறது. புவியியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் அங்கே கற்கருவிகளைக் கண்டறிந்தார். பூண்டி அருங்காட்சியகத்தில் இத்தகைய கைக்கோடாரி ஒன்றின் முன் நான் வெகுநேரம் நின்றிருக்கிறேன். குவார்ட்சைட் கல்லை இரு பக்கமும் சில்லு சில்லாகப் பெயர்த்து, அடியில் பருத்தும் நுனியில் கூர்ந்தும் இருக்குமாறு செதுக்கியிருக்கிறார்கள். செய்து முடிக்க வேண்டிய வடிவத்தை முன்கூட்டியே மனத்தில் கண்ட ஒருவரால்தான் அப்படிச் செதுக்க முடியும்.

காலத்தைக் கணக்கிடும் முறை இது: கல் வெளியில் கிடக்கும்போது விண்வெளிக் கதிர்கள் பட்டு அதனுள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்னும் கதிரியக்க அணுக்கள் உண்டாகின்றன. மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்ததும் அந்த உற்பத்தி நின்றுவிடும். அலுமினியம் ஏறக்குறைய 7 லட்சம் ஆண்டுகளிலும், பெரிலியம் ஏறக்குறைய 14 லட்சம் ஆண்டுகளிலும் பாதியாகக் குறைவதால், இரண்டும் எஞ்சியிருக்கும் விகிதமே கல் புதைந்த காலத்தைச் சொல்லிவிடுகிறது. தொல்லியலாளர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் உள்ளிட்ட குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு கருவிகளுக்குச் சராசரியாகச் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்ற விடை கிடைத்தது. பூமியின் காந்தத் திசை அவ்வப்போது தலைகீழாக மாறும்; அதே மண்ணடுக்குகளில் பதிந்திருந்த அந்தத் திசை, கருவிகள் குறைந்தது 10.7 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று காட்டியது. ஒன்றையொன்று சாராத இரு முறைகளும் முரண்படவில்லை என்பதே என்னை நம்பவைத்தது.

இந்த 15 லட்சம் ஆண்டுகளை வேலூரிலிருந்து சென்னைக்குச் செல்லும் சுமார் 140 கிலோமீட்டர் சாலையாக எண்ணிக்கொண்டால், ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிய பிறகே நம் ஹோமோ சேப்பியன்ஸ் இனம் தொடங்குகிறது. திருப்பத்தூர் அருகே பையம்பள்ளியில் கொள்ளும் பச்சைப் பயறும் பயிரிட்ட புதிய கற்கால உழவர்கள், கடைசி 400 மீட்டருக்குள் வருகிறார்கள்.

அக்கைக்கோடாரிகளைச் செய்தவர்கள் நமக்கு முந்தைய மனித இனமான ஹோமோ எரெக்டஸைச் சேர்ந்தவர்களாக இருக்கலாம் என்பது பரவலான கருத்து. அதே இடத்தில் சுமார் 3.85 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே கருவி செய்யும் முறை மாறியதாக 2018இல் வந்த ஆய்வு கூறுகிறது. மொராக்கோவில் கிடைத்த, நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகளுக்கோ வயது சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தான். ஆகவே அந்த மாற்றத்தைச் செய்தவர் யார் என்பதற்கு எலும்புதான் பதில் சொல்ல வேண்டும். அத்திரம்பாக்கத்தில் மனித எலும்பு இதுவரை கிடைக்கவில்லை. ஆனால் காட்டெருமை, குதிரை வகை விலங்குகளின் பற்கள் அங்கே கிடைத்திருப்பதால், ஒரு மனிதப் பல்லாவது கிடைக்கும் என்று நான் எதிர்பார்த்திருக்கிறேன்.