65 ரிவியேரா வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மிச்சிகன் வந்து பதினான்கு மாதம் ஆகிறது, நோவையில் அபார்ட்மெண்ட், வேலைக்கான எச்1பி விசா, தினமும் ஓட்ட ஒரு செகண்ட் ஹேண்ட் கேம்ரி இருக்கிறது. ஃபிளிண்ட் பக்கம் ஒருவர் 1965 பியூக் ரிவியேராவை 21,000 டாலருக்கு விற்கிறார், படங்களைப் பார்த்ததிலிருந்து தூக்கம் வரவில்லை, நம்மைப் போன்றவர்கள் வாங்க முடியுமா, வாங்கினால் சமாளிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இங்கே வந்தது 1998-இல். இப்போது என்னிடம் ஒரு 1964 ரிவியேரா இருக்கிறது, வாங்கிப் பல வருடம் ஆகிவிட்டது. அதற்கு முன் வாங்கிய ஒன்றில் பணத்தைத் தொலைத்தேன். இரண்டையும் சொல்கிறேன்.

வாங்க முடியும். விசாவுக்கும் கார் வாங்குவதற்கும் சம்பந்தமே இல்லை. விற்பவர் டைட்டிலில், அதாவது காரின் உரிமைப் பத்திரத்தில், கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் 15 நாளுக்குள் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்தில், அதாவது இந்த ஊர் ஆர்.டி.ஓ.வில், 6 சதவீத வரி கட்டி உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். ஆனால் எச்1பியில் இருப்பவருக்கு நான் வேறொன்று சொல்வேன். வேலை போனால் புது வேலை தேடவோ ஊருக்குக் கிளம்பவோ கையில் இருப்பது அதிகபட்சம் 60 நாள். இந்த மாதிரிக் காரை நல்ல விலைக்கு விற்க ஒரு கோடைக்காலம் முழுக்கக்கூட ஆகலாம். அவசரத்துக்கு விற்றால் பாதி விலைதான் வரும். அதனால் கடன் வாங்காதீர்கள், ஊரில் அப்பா அம்மாவுக்கு என்று ஒதுக்கியதைத் தொடாதீர்கள். போனால் போகட்டும் என்று தாங்கக்கூடிய பணமாக இருந்தால் மேலே படியுங்கள்.

எங்கள் தாத்தா காரை "பிளஷர்" என்றுதான் சொல்வார். அந்தக் காலத்தில் நம் ஊரில் எல்லோருக்கும் கார் என்றால் பிளஷர்தான். அந்தச் சொல் அச்சாகப் பொருந்துவது இந்த வகை அமெரிக்கக் கார்களுக்கு. இரண்டே கதவு, நீளமான பானெட், ஆறு ஏழு லிட்டர் வி8 இன்ஜின். சொந்தக்காரர் தானே உட்கார்ந்து சுகமாக ஓட்டுவதற்கென்றே செய்தது. 1958-இல் ஃபோர்டு தன் தண்டர்பேர்டை நான்கு பேர் உட்காரும் காராக மாற்றி நன்றாக விற்றது. ஜெனரல் மோட்டார்ஸிடம் அதற்குப் பதில் இல்லை. அங்கே வடிவமைப்புக்குத் தலைவராக இருந்த பில் மிட்செல், லண்டன் பனிமூட்டத்தில் ஒரு ரோல்ஸ் ராய்ஸைப் பார்த்துவிட்டு, அதன் கத்தி விளிம்பும் ஃபெராரியின் தாழ்வான உருவமும் சேர்ந்தாற்போல் ஒன்று வேண்டும் என்றாராம். நெட் நிக்கல்ஸ் வரைந்தார். முதலில் அதே கம்பெனியின் கேடிலாக் பிரிவுக்காகத்தான் யோசித்தார்கள், அவர்கள் வேண்டாம் என்றார்கள். மற்ற பிரிவுகள் போட்டி போட்டதில் பியூக்குக்குக் கிடைத்தது. 1963-இல் 40,000 கார்தான் என்று கணக்கு வைத்து ஃபிளிண்டில் செய்தார்கள். நீங்கள் பார்த்திருக்கும் கார் பிறந்த ஊரிலேயே விற்பனைக்கு நிற்கிறது. தூக்கம் வராததில் ஆச்சரியம் இல்லை.

சரி, என் முதல் காரின் கதை. 1972 ரிவியேரா, பின்பக்கம் படகு போலக் குவிந்து முடியும் மாடல், கரும்பச்சை, கூரையில் ஒட்டிய வெள்ளை வைனல் உறை. ஒஹாயோவில் இருந்தது, 9,000 டாலர். படங்களில் பளபளவென்று இருந்தது. காரை நனைத்துவிட்டுப் படம் எடுத்தால் பெயிண்டின் குறை எதுவும் தெரியாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. நான் போய்ப் பார்த்ததும் தூறல் விழுந்த ஒரு மாலை நேரம். இன்ஜின் சத்தத்தில் மயங்கிப் பணத்தைக் கொடுத்தேன்.

மறுநாள் வீட்டில் டிரங்க்கைத் திறந்து பாயைத் தூக்கினேன். அடியில் புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தது. ஸ்க்ரூடிரைவரால் லேசாக ஒரு தட்டு தட்டினேன். கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது பழுப்பாக ஒரு கைப்பிடித் தூள் கொட்டியது. துளை வழியாகத் தரை தெரிந்தது. அந்த வாரமே வைனலின் ஓரத்தைப் பிரித்துப் பார்த்தேன். பின்கண்ணாடிக்குக் கீழே தகடு பழைய அப்பளம் மாதிரி நொறுங்கியது. டிங்கர் வேலைக்குக் கேட்ட தொகை கார் விலையைவிட அதிகம். கடைசியில் உதிரி பாகத்துக்காக 2,500-க்குக் கொடுத்தேன். அதை டிரக்கில் ஏற்றிய அன்று என் மனைவி ஒன்றும் சொல்லாமல் காபி போட்டுக் கொடுத்தாள். இன்றும் நினைவிருக்கிறது.

டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே உப்புச் சுரங்கம் இருக்கிறது. பனிக்காலத்தில் சாலையில் கொட்டுவது டன் கணக்கில் உப்பு. அறுபது வருடம் இந்த ஊரில் வாழ்ந்த இரும்புக்கு அதுதான் எமன். இன்ஜினைப் பிரித்துப் பூட்டிவிடலாம், கியர்பாக்ஸை மாற்றலாம், சீட்டைத் தைக்கலாம். துருப்பிடித்த பாடியையும் சேஸையும் மீட்பதுதான் ஆளை விழுங்கும். அதனால் போகும்போது பிரிட்ஜில் ஒட்டும் ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால், கதவுகளின் கீழ் விளிம்பில், முன்பக்க ஃபெண்டரின் (மட்கார்டின்) அடிப்பகுதியில் மெதுவாக நகர்த்துங்கள். இரும்பு இருக்கும் இடத்தில் கையை இழுக்கும். பட்டி பார்த்து மேலே பெயிண்ட் அடித்த இடத்தில் நழுவிக் கீழே விழும். அப்புறம் டிரங்க் தரை, ஸ்டெப்னி வைக்கும் குழி, முன்சீட் கம்பளத்துக்கு அடி. லிஃப்டில் ஏற்றிப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. இந்தத் தலைமுறை ரிவியேராவின் சேஸ் எக்ஸ் வடிவத்தில் இருக்கும், பக்கவாட்டில் தாங்கும் சட்டம் கிடையாது. பின் ஆக்சிலுக்கு மேலே வளையும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள்.

உங்கள் 65-இல் கவனிக்க வேண்டிய இன்னொன்று முன்விளக்குகள். அந்த ஒரு வருடம்தான் ஃபெண்டரின் முனைக் கிரில்லுக்குள் விளக்கை ஒளித்தார்கள். சுவிட்சைப் போட்டால் இமை போல் திறக்கும். அவ்வளவு அழகு. அந்த மோட்டாரும் இணைப்புகளும் மக்கர் செய்தால் சரிசெய்ய நேரமும் பணமும் போகும். விற்பவரை நான்கைந்து முறை திறந்து மூடிக் காட்டச் சொல்லுங்கள். ஏர் கிளீனரில் வைல்ட்கேட் 445 என்று ஒட்டியிருக்கும். அதைக் குதிரைத்திறன் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. அது டார்க் (torque), அதாவது இன்ஜினின் முறுக்கு விசை. இன்ஜின் 401 கன அங்குலம், 325 குதிரைத்திறன். கிரான் ஸ்போர்ட் என்ற வேகமான வகை என்றால் 425 இன்ஜின், இரண்டு கார்புரேட்டர், 360 குதிரைத்திறன். அப்படிச் சொல்லி விலை ஏற்றினால் இன்ஜினில் பொறித்த எண்களைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

பிரேக் விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். 1965-இல் பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறைதான். எங்காவது ஒரு குழாய் ஒழுகினால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இருக்காது. கார் எடை கிட்டத்தட்ட 1,800 கிலோ. நான் வாங்கிய முதல் மாதமே இரட்டை மாஸ்டர் சிலிண்டருக்கு மாற்றினேன், ரப்பர் குழாய் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டேன். பழைய பெட்ரோல் குழாய்களையும் மாற்றுங்கள். இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் அவற்றைத் தின்றுவிடும். படகுகளுக்காக விற்கும் எத்தனால் இல்லாத பெட்ரோல் இங்கே சில பங்க்குகளில் கிடைக்கிறது, நான் அதைத்தான் போடுகிறேன். மைலேஜ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் வந்தால் சந்தோஷப்படுங்கள்.

இன்ஷூரன்ஸை கேம்ரி இருக்கும் பாலிசியில் சேர்க்காதீர்கள். பழைய கார்களுக்கென்றே தனி கம்பெனிகள் இருக்கின்றன. கார் என்ன பெறும் என்று முதலிலேயே பேசி எழுதிக்கொள்வார்கள், விபத்தானால் அந்தத் தொகையைத் தருவார்கள். பிரீமியமும் குறைவு. பதிலுக்கு அவர்கள் கேட்பது தினசரி ஓட்ட வேறு கார், சுத்தமான டிரைவிங் ரெக்கார்டு, பூட்டிய கராஜ். உங்களிடம் இல்லாதது கராஜ். அபார்ட்மெண்டில் கூரை மட்டும் உள்ள கார்போர்ட்டில் இந்தக் காரை ஒரு பனிக்காலம்கூட நிறுத்தக் கூடாது. 17 அடி நீளம், எங்காவது ஒரு கராஜை வாடகைக்குப் பிடித்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். 25 வருடத்துக்கு மேற்பட்ட கார் என்பதால் ஹிஸ்டாரிக் நம்பர் பிளேட்டும் வாங்கலாம். அதில் கண்காட்சி, கிளப் நிகழ்ச்சி போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம், ஆகஸ்ட் மாதம் மட்டும் எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை டெட்ராய்ட் பக்கம் வுட்வர்ட் அவென்யூவில் ஆயிரக்கணக்கில் பழைய கார்கள் வரிசையாகப் போகும். 1995-இலிருந்து நடக்கிறது. வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அதைப் போய்ப் பாருங்கள்.

பாப்பாவை உட்கார வைத்துக் கூட்டிப் போகலாமா என்றும் கேட்டீர்கள். கார் சீட்டை மாட்டும் கொக்கி எதுவும் அதில் இல்லை, இருப்பதெல்லாம் மடிபெல்ட்தான். என் பிள்ளைகள் வளர்ந்த பிறகுதான் நான் ஏற்றினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

என் 64 எனக்குக் கிடைத்தது ஃபிளிண்டில் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடமிருந்து. 18,500 டாலர், அன்றைக்கு அது குறைந்த விலை இல்லை. டேஷ்போர்டில் ஒரு நோட்டுப்புத்தகம் இருந்தது. 1971-இலிருந்து ஒவ்வொரு ஆயில் மாற்றமும் தேதி, மைலோடு பென்சிலில் எழுதியிருந்தார். நவம்பரில் உள்ளே நிறுத்தினால், வசந்தத்தில் நல்ல மழை பெய்து சாலை உப்பைக் கழுவிய பிறகுதான் வெளியே எடுப்பாராம். நான் என்ன வேலை பார்க்கிறேன், எங்கே நிறுத்துவேன் என்று ஒரு மணி நேரம் கேட்டுவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார். கதவில் பின்சீட்டில் இருப்பவருக்கும் ஒரு கைப்பிடி உண்டு என்று காட்டிக் கொடுத்ததும் அவர்தான். அந்த நோட்டில் இப்போது நான் எழுதுகிறேன். படத்தில் பளபளக்கும் காரைவிட இப்படி ஒரு ஆளைத் தேடுங்கள். ரிவியேரா ஓனர்ஸ் அசோசியேஷனில் உறுப்பினராகச் சேர்ந்தால் அப்படிப்பட்டவர்கள் அறிமுகமாவார்கள், பாகம் எங்கே கிடைக்கும் என்றும் சொல்வார்கள்.

வரும் சனிக்கிழமை காலை எனக்கு வேலை இல்லை. வெயில் இருக்கும்போது போவோம், காந்தம் நான் கொண்டு வருகிறேன். டிரங்க் பாயையும் கம்பளத்தையும் தூக்கிப் பார்ப்போம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முக்கியமாக, குளிர்ந்த இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்று பார்க்க வேண்டும், அதனால் நாம் போய்ச் சேரும்வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லுங்கள். பானெட்டில் கை வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும்.