கேள்வி பதில்: பழைய உடையைப் பார்த்துப் புதிதாகத் தைப்பது

தாம்பரம் வாசகி: பாட்டியின் ரவிக்கை இருக்கிறது. அதேபோல் ஒன்று தைக்க, பிரித்து அளவெடுக்கலாமா?

பிரிக்கவே கூடாது. எந்தத் தையல் முதலில், எது அடுத்து என்பதெல்லாம் அந்த மூட்டுகளில்தான் இருக்கிறது, பிரித்தால் போனதுதான். மேசையில் விரித்து, நூல் நேராக ஓடுகிறதா, கிராஸாக வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அங்குலத்துக்கு ஒரு முறை அளந்து கிராஃப் தாளில் புள்ளி வையுங்கள். உள்ளே விட்டிருக்கும் துணியில் காலியான ஊசித்துளைகள் வரிசையாகத் தெரிந்தால், ரவிக்கையைப் பிற்பாடு சிறிதாக்கியிருக்கிறார்கள். முதலில் தைத்த அளவு வேண்டுமா, கடைசியாகப் போட்ட அளவா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

வில்லிவாக்கம்: பழைய பட்டில் கறை. டிரை வாஷ் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். கறை என் துறை இல்லை. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இரசாயனப் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது, அங்கே விசாரியுங்கள்.

மயிலாப்பூர்: நீங்கள் 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கவுன் தைக்கிறீர்களாம். வெள்ளைக்காரர் உடை நமக்கு எதற்கு?

அந்தக் கவுனின் துணி நம்முடையது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் சோழமண்டலக் கரையில் கையால் எழுதிய சீட்டித்துணியில் தைத்த உடைகள் இருக்கின்றன. கடுக்காயும் எருமைப்பாலும் ஊட்டிய துணி. இரும்புக் கரைசலில் கறுப்புக் கோடு. படிகாரம் தொட்ட இடத்தில் சாயவேர்ச் சிவப்பு. மற்ற இடத்துக்கு மெழுகு பூசி, அவுரித் தொட்டியில் நீலம். துவைத்தாலும் போகாத அந்தச் சாயத்துக்கு ஐரோப்பாவே மயங்கியது. பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை இதைத் தடை செய்தது. 1719-ல் லண்டன் நெசவாளர்கள் தெருவில் போன பெண்களின் சீட்டி உடையைக் கிழித்தார்கள். 1721-ல் அணியவே தடை வந்தது, 1774 வரை நீடித்தது. நம் சிந்தாதிரிப்பேட்டை, 1734-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் துணி வியாபாரத்துக்காக நெசவாளர்களையும் சாயம் எழுதுவோரையும் குடியேற்றிய ஊர். இப்போது சொல்லுங்கள், யாருடைய உடை?

மயிலாப்பூர், மறுபடி: துணி நம்முடையது, சரி. வெட்டும் தையலும் அவர்களுடையதுதானே?

ஆமாம், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தையலையும் பாருங்கள். துணி விலை அதிகம், தையல் கூலி குறைவு. அதனால் கைப்பகுதியில்கூட ஒட்டுப்போட்டு, துண்டு வீணாகாமல் தைத்திருப்பார்கள். மோஸ்தர் மாறினால் அதே துணியில் வேறு கவுன். நம் ஆட்களின் கைவேலைக்கு என்ன மதிப்பு இருந்தது என்பதற்கு அந்த ஒட்டுகளே சாட்சி. அதனால்தான் ஒரு ஒட்டையும் விடாமல் நகலெடுக்கிறேன்.

பெசன்ட் நகர்: அந்தக் கவுனுக்குக் கலம்காரி வாங்கினால் போதுமா?

எந்தக் கலம்காரி? மசூலிப்பட்டினத்தில் கட்டை அச்சு, காளஹஸ்தியில் கலம் என்ற பேனாவால் எழுதுவது. உங்களுக்குப் பின்னது. கடையில் அந்தப் பெயரில் ஸ்கிரீன் பிரின்ட்டும் விற்கிறார்கள், கேட்டு வாங்குங்கள்.

பெரம்பூர்: அத்தையின் ரவிக்கையைக் கொஞ்சம் மட்டும் பிரித்தால்...

கூடாது. தாம்பரம் வாசகிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

குரோம்பேட்டை: ஒரே ஒரு போட்டோவுக்குப் பழையதைப் போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. பழைய இழை இழுப்பைத் தாங்காது, வியர்வையும் போகாது. நகலைப் போட்டுப் படமெடுங்கள்.

அண்ணா நகர்: கவுனை அளவு பிசகாமல் தைத்தேன். உடம்பில் உட்காரவில்லை.

உள்ளே ஸ்டேஸ், அதாவது உடம்பை இறுக்கிப் பிடிக்கும் விறைப்பான உள்கச்சை, போட்டீர்களா? அக்காலக் கவுன் அதற்கு மேல்தான் உட்காரும். விறைப்புக்காக அதில் அன்று வைத்த திமிங்கல வாய்த்தகட்டுக்குப் பதில் ஹார்டுவேர் கடையில் அகலமான கேபிள் டை வாங்குங்கள். ஸ்டேஸைத் தைத்து, போட்டுக்கொண்டு, அதன்மேல் மறுபடி அளவெடுங்கள்.