ஒரு குமிழ், நான்கு பெடல்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் மேடையில் மின்னணு இசை வாசிப்பவன். டிரம் மெஷின் ஒன்றும் சிந்தசைசர் ஒன்றும் வைத்திருக்கிறேன். இரண்டின் ஒலியும் டிஸ்டார்ஷன் (ஒலியைச் சிதைப்பது), ஃபில்டர் (ஒலியின் ஒரு பகுதியை வடிகட்டுவது), டிலே (எதிரொலி தருவது), ரிவர்ப் (கூடத்தின் முழக்கம் தருவது) என்ற வரிசையில் நான்கு பெடல்களைக் கடந்து வெளியே போகிறது. இரண்டு கைகளால் நான்கையும் ஒரே நேரத்தில் இயக்க முடியவில்லை என்பதால், மிடி (மின்னணு இசைக்கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் முறை) கண்ட்ரோலரின் ஒரே குமிழில் எட்டு அளவுருக்களை, அதாவது பெடல்களின் எட்டு அமைப்புகளை, இணைத்தேன். அதைத் திருப்பினால் எல்லாம் சேர்ந்து பெருகி வெறும் இரைச்சலாகிறது. சில நேரங்களில் தாளமும் தடுமாறுகிறது. இதைவிட விலை கூடிய கண்ட்ரோலர் வாங்கினால் சரியாகுமா?

க.

அன்புள்ள க.,

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், எட்டு அளவுருக்களும் 0 முதல் 127 வரையிலான முழு வீச்சில், ஒரே திசையில் நகர்கின்றன. அப்படி இணைத்தால் எந்தக் கண்ட்ரோலரிலும் இரைச்சல்தான் வரும். பல அளவுருக்களை ஒரு குமிழில் சேர்க்கும்போது ஒவ்வொன்றுக்கும் அது எங்கே தொடங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எத்திசையில் போக வேண்டும் என்று தனித்தனியாக முடிவு செய்தாக வேண்டும். சில ஏறும்போது சில இறங்கினால்தான் ஒலி நிலைகுலையாமல் உருமாறும்.

டிலேயின் ஃபீட்பேக்கை (எதிரொலியில் எவ்வளவு மீண்டும் உள்ளே திரும்புகிறது என்ற அளவை) மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் எதிரொலி முந்தைய வலிமையில் 30 சதவீதமாகத் திரும்பினால், இரண்டே சுற்றில் அது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். 60 சதவீதத்தில் அதே இறக்கத்துக்கு ஏறக்குறைய ஐந்து சுற்றுகள் ஆகும். 90 சதவீதத்திலோ இருபத்திரண்டு சுற்றுகள் ஆகும். அதாவது, குமிழின் முதல் பாதியில் பெரிதாக எதுவும் நடக்காது. கடைசிப் பகுதியில் எல்லாம் ஒரே மூச்சில் நடந்துவிடும். ஃபில்டரையும் ஃபீட்பேக்கையும் நேர்கோட்டில் ஒன்றாக நகர்த்தினால், ஃபில்டர் பாதி வழியைக் கடந்த பிறகும் டிலே அசையாமலிருந்து, பிறகு திடீரென்று பொங்கும். ஆகவே ஃபீட்பேக்கின் கீழ் எல்லையை 50 சதவீதத்துக்கு உயர்த்துங்கள். மேல் எல்லையை, எதிரொலி தானாகவே வளரத் தொடங்கும் புள்ளிக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். ஃபீட்பேக் ஏற ஏற, டிலேயின் ஒலியளவு கொஞ்சமாக இறங்கட்டும். டிஸ்டார்ஷனும் இறங்க வேண்டும். உங்கள் வரிசையில் டிஸ்டார்ஷன் முதலில் நிற்பதால், அது தடிமனாக்கிய ஒலிதான் டிலேயில் சுற்றிச் சுற்றிக் குவிகிறது. நீங்கள் கேட்கும் இரைச்சலில் பெரும்பங்கு அதுவாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்த எல்லைகளை எதை வைத்து முடிவு செய்வது? குமிழைத் திருப்பும்போது இசையில் என்ன நிகழ வேண்டும் என்பதை வைத்துத்தான். இதில் 1970களின் ஜமைக்கா டப் இசையைவிட (பதிவான பாடலை மிக்ஸரில் உருமாற்றும் இசை) நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. கிங்ஸ்டனில் கிங் டப்பி என்று அறியப்பட்ட ஆஸ்போர்ன் ரடக், டைனமிக் சவுண்ட்ஸ் ஒலிக்கூடத்திலிருந்து வாங்கிய எம்.சி.ஐ. மிக்ஸரையே இசைக்கருவியாக்கினார். அதிலிருந்த ஹை-பாஸ் ஃபில்டரின் பெரிய குமிழைத் திருப்பினால், அடிநாதம் உருவி எடுக்கப்பட்டு ஒலி மெலிந்து மேலெழும். ஃபேடர்களை (ஒலியளவு நகர்த்திகளை) இறக்கி வாத்தியங்களை மறைப்பதும், ஒரே ஒரு அடியை எதிரொலிக்குள் எறிவதும், ஃபில்டரைத் திருப்புவதும் பல அளவுருக்களைத் தொடும் செயல்கள்தாம். ஆனால் கேட்பவருக்கு அவை ஒரே அசைவாகத்தான் கேட்கின்றன, ஏனென்றால் எல்லாம் ஒரே நோக்கத்துக்காக நகர்கின்றன. உங்கள் குமிழுக்கும் ‘ஒலி விலகிப் போவது’ என்ற ஒரே வேலையைக் கொடுத்துப் பாருங்கள். அடிநாதம் குறையும், எதிரொலி நீளும், ரிவர்ப் பெருகும், நேரடி ஒலி தேயும். அந்த வேலைக்குத் தேவைப்படாத எதையும் அந்தக் குமிழில் சேர்க்க வேண்டாம். எட்டில் நான்கு மிஞ்சினால் போதும்.

ஒன்றை மட்டும் கட்டாயம் வெளியே எடுத்துவிடுங்கள்: டிலே நேரம். டேப் எதிரொலிக் கருவிகளிலும் அனலாக் டிலேயிலும் நேரத்தை மாற்றினால் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் ஒலியின் சுருதியும் சேர்ந்து வளையும். அது அழகான விளைவுதான். நானும் விரும்பிக் கேட்பது. ஆயினும் மற்றவற்றோடு அதைப் பிணைத்தால், ஃபில்டரைச் சற்றுத் தொட்டாலும் சுருதி நழுவும், எதிரொலி தாளத்தை விட்டு விலகும். அதை இன்னொரு கைக்கு விட்டுவிடுங்கள்.

இவ்வாறு சிந்தித்து உருவாக்கிய கருவிகள் ஏற்கெனவே உண்டு. ஸ்வீடனின் எலெக்ட்ரான் நிறுவனத்தின் ஆக்டாட்ராக் கருவியில் கிராஸ்ஃபேடர் என்ற நகர்த்தியின் இரு முனைகளுக்கும் ஒவ்வொரு ‘சீன்’ (அளவுரு மதிப்புகளின் தொகுப்பு) ஒதுக்கலாம். அதில் நாம் குறித்துவைத்த அளவுருக்கள் மட்டுமே இரண்டுக்கும் நடுவே உருமாறும், குறிக்காதவை அசையா. ஈவன்டைட் டைம்ஃபாக்டர் டிலே பெடலில் பத்துக் குமிழ்களில் எவற்றையும் காலால் சாய்க்கும் ஒரு எக்ஸ்பிரஷன் பெடலில் சேர்த்து, குதிகால் அழுந்தும்போது எந்த மதிப்பு, விரல்கள் அழுந்தும்போது எந்த மதிப்பு என்று தனித்தனியே அமைக்கலாம். யூரோராக் மாடுலர் (தனித்தனிப் பகுதிகளைக் கம்பியால் இணைக்கும் சிந்தசைசர்) வைத்திருப்பவர்கள் ஒரே மின்னழுத்தத்தைப் பல கிளைகளாகப் பிரித்து, ஒவ்வொரு கிளையிலும் அட்டெனுவெர்ட்டர் வைத்து அளவைக் குறைக்கவோ திசையைத் திருப்பவோ செய்கிறார்கள்.

தாளம் தடுமாறுவதன் காரணம் வேறு. 1983இல் வந்த மிடி, வழக்கமான ஐந்து முனைக் கேபிளில் நொடிக்கு 31,250 பிட் வேகத்தில்தான் செல்கிறது. ஒரு கட்டுப்பாட்டுச் செய்தி முப்பது பிட், அதாவது ஏறக்குறைய ஒரு மில்லிநொடி. குமிழ் ஒரு படி நகர்ந்தால் எட்டுச் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். முழுமையாகத் திருப்பினால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட செய்திகள். அவை கடக்கவே ஒரு நொடி வேண்டும். நீங்கள் அரை நொடியில் திருப்பிவிட்டால் மீதி காத்திருக்கும், அதே கேபிளில் டிரம் மெஷினுக்கான கிளாக்கும் (தாள வேகத்தைச் சொல்லும் துடிப்பும்) போகுமானால் அதுவும் சேர்ந்து தாமதமாகலாம். தொடர்ந்து வரும் செய்திகளில் முதல் பைட்டைத் தவிர்த்துச் சுருக்கும் வழி மிடியில் உண்டு என்றாலும், ஒவ்வொரு பெடலும் வெவ்வேறு சேனலில் (மிடியின் தனி முகவரியில்) இருந்தால் அது அதிகம் பயன்படாது.

ஆகவே இணைப்புகளை நான்காகக் குறைப்பது இசைக்கு மட்டுமல்ல, கேபிளுக்கும் நல்லது. கிளாக்கைத் தனி அவுட்புட்டிலிருந்து தனிக் கேபிளில் அனுப்புங்கள். உங்கள் கண்ட்ரோலர் ஒவ்வொரு இணைப்புக்கும் கீழ் எல்லை, மேல் எல்லை, எதிர்த்திசை ஆகியவற்றைத் தனித்தனியே ஏற்குமா என்று அதன் கையேட்டில் பாருங்கள். ஏற்குமானால் புதிதாக எதையும் வாங்க வேண்டாம். ஏற்காது என்றால், இந்த மூன்றையும் தரும் கண்ட்ரோலர் எளிய மாடலாக இருந்தாலும் அதையே வாங்குங்கள்.

அன்புடன்.