ஆங்கிலப் பத்திரிகையின் பொருளாதாரச் செய்திகளைப் புரிந்துகொள்வது எப்படி?

"ஆங்கிலப் பேப்பரில் மற்ற செய்தியெல்லாம் ஓரளவு புரிகிறது. ரெப்போ ரேட், இன்ஃப்ளேஷன், ஃபிஸ்கல் டெஃபிசிட் என்று வந்தால் அகராதி பார்த்தும் பிடிபடவில்லை" என்று கேட்டிருக்கிறீர்கள். காரைக்குடியில் வங்கித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களிடம் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன்: அகராதியை மூடி வைத்துவிட்டு, செய்தியில் இருக்கும் எண்ணைத் தாளில் போட்டுப் பாருங்கள்.

'இன்ஃப்ளேஷன் ஈஸஸ்', அதாவது பணவீக்கம் தணிகிறது என்ற தலைப்பைப் படித்த ஒரு மாணவி, "விலை குறைஞ்சிருச்சுன்னு போட்டிருக்காங்க, எங்கம்மா சந்தைக்குப் போனா அப்படி ஒண்ணும் தெரியலையே சார்" என்றாள். போர்டில் எழுதினேன். முதல் வருடம் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் அடுத்த வருடம் 106. பணவீக்கம் 6 சதவீதம். அதற்கடுத்த வருடம் 110 ரூபாய் 24 காசு. இப்போது பணவீக்கம் 4 சதவீதம். விலை ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, ஏறும் வேகம்தான் குறைந்திருக்கிறது. ஒட்டுமொத்தமாக விலைகளே இறங்கினால் டிஃப்ளேஷன் என்று தனியாக எழுதுவார்கள். அவள் அம்மா சொன்னதும் சரி, பேப்பரில் வந்ததும் சரி.

வட்டியிலும் இந்த மாதிரி ஒரு இடறல் உண்டு. நம் பக்கம் 'ரெண்டு வட்டி' என்றால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், வருடத்துக்கு 24. ரிசர்வ் வங்கிச் செய்தியில் வரும் வட்டி விகிதம் வருடக் கணக்கு. வங்கிகள் அரசுப் பத்திரங்களைக் கொடுத்து ரிசர்வ் வங்கியிடம் குறுகிய காலத்துக்கு வாங்கும் கடனுக்கான வட்டிதான் ரெப்போ ரேட். 2025 ஜூனில் அதை '50 பேசிஸ் பாயிண்ட்' குறைத்தார்கள். 100 பேசிஸ் பாயிண்ட் ஒரு சதவீதப் புள்ளி. ஆக 6 என்பது 5.5 ஆனது. 'அரை சதவீதம் குறைப்பு' என்று எழுதினால், 6-இல் அரை சதவீதமா, 6-லிருந்து அரையைக் கழிப்பதா என்ற குழப்பம் வரும். அதைத் தவிர்க்கத்தான் இந்த அளவு.

1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் என மூன்று ஊரிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது. அந்த அளவுக்குக் கடல்கடந்த கொடுக்கல் வாங்கல் பழகிய ஊர் எங்களுடையது. லேவாதேவி பார்த்த குடும்பத்துப் பெரியவர்கள் இன்றும் பணச் செய்தி என்றால், "யாரு கொடுத்தா, யாரு வாங்குனா, எத்தனை நாள் தவணை?" என்றுதான் கேட்பார்கள். நீங்களும் அதையே கேளுங்கள். ஃபிஸ்கல் டெஃபிசிட்டில் வாங்குவது அரசாங்கம்: கடனைச் சேர்க்காமல் வந்த வரவைவிடச் செலவு எவ்வளவு அதிகமோ, அவ்வளவையும் கடன் வாங்கித்தான் சமாளிக்க வேண்டும். டிரேட் டெஃபிசிட் வேறு சங்கதி. ஏற்றுமதியைவிட இறக்குமதி மதிப்பு கூடுதல் என்று அர்த்தம். 'டெஃபிசிட் என்றால் பற்றாக்குறை' என்று மனப்பாடம் செய்து நிறுத்திவிட்டால் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஹாக்கிஷ், டோவிஷ் எல்லாம் சுலபம். விலைவாசியை அடக்க வட்டியை உயர்த்தலாம் என்பவர் ஹாக்கிஷ், வளர்ச்சிக்காகக் குறைக்கலாம் என்பவர் டோவிஷ்.

ரிசர்வ் வங்கியின் பணக்கொள்கைக் குழு ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும். முடிவு வந்ததும் அந்தச் செய்தியை முதலில் தமிழ்ப் பேப்பரில் படியுங்கள், பிறகு ஆங்கிலத்தில் படியுங்கள். ஒவ்வொரு முறையும் பெரும்பாலும் அதே வார்த்தைகள்தான் வரும். பட்ஜெட் செய்திகளை இப்போதைக்குத் தொட வேண்டாம். ஒரே நாளில் அத்தனை வார்த்தையும் வந்து விழும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே அதில் சோர்ந்துபோகிறார்கள்.