தூண்டில் மேடை: எந்த வீச்சுக்கு எந்த ரீல்?

கே: ஏரியில் விரால் பிடிக்க 2500 அளவு (எண் கூடினால் ரீல் பெரிது) ஸ்பின்னிங் ரீல் வைத்திருக்கிறேன். பெய்ட்காஸ்டர் என்ற இன்னொரு வகை ரீல் வாங்கியே ஆக வேண்டும் என்கிறார்கள் நண்பர்கள். அவசியமா? (வாசகர், காஞ்சிபுரம்)

ப: நீங்கள் எறியும் லூரின் (செயற்கை இரை) எடையைப் பாருங்கள். 7 கிராமுக்குக் கீழே என்றால் ஸ்பின்னிங்தான். அதில் ஸ்பூல் (நரம்பு சுற்றிய உருளை) அசையாமல் நிற்க, தூண்டில் நரம்பு மட்டும் உருவிக்கொண்டு போகும். பெய்ட்காஸ்டரில் ஸ்பூலையே லூர் சுழற்றியாக வேண்டும். லேசான லூருக்கு அந்த இழுவிசை கிடையாது.

ஆனால் பாசிக்கு மேல் 12, 15 கிராம் தவளை லூரை ஓட்டுகிறீர்கள் என்றால் நண்பர்கள் சொல்வது சரி. விரால் கவ்விய கையோடு பாசிக்குள் புகுந்துவிடும். உடனே மேலே இழுக்க 40 பவுண்டு தாங்கும் பிரெய்டும் (பின்னல் நரம்பு), 7:1 கியரும் (கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் ஏழு சுற்று) வேண்டும். 2500 ஸ்பூலில் அந்த நரம்பு கொஞ்சம்தான் ஏறும். பெய்ட்காஸ்டருக்குச் செலவு செய்ய மனமில்லையா, அதே ஸ்பின்னிங் வகையில் 4000-க்கு மாறி 30 பவுண்டு பிரெய்டு போடுங்கள், சமாளிக்கலாம்.

கே: பெய்ட்காஸ்டரில் ஒவ்வொரு வீச்சுக்கும் நரம்பு ஸ்பூலிலேயே சிக்கிக் கூடு கட்டுகிறது. ரீல் கோளாறா? (வாசகர், திருச்சி)

ப: பெரும்பாலும் இல்லை. காற்றிலோ தண்ணீரிலோ லூரின் வேகம் குறையும்போது ஸ்பூல் பழைய வேகத்திலேயே சுழன்றால், வெளியேற வழியில்லாத நரம்பு உள்ளேயே சுருளும்.

லூரைக் கட்டி, கட்டைவிரல் பட்டனை அழுத்தி ஸ்பூலை விடுவியுங்கள். கைப்பிடிப் பக்கத்துச் சிறு திருகை, லூர் மெதுவாக இறங்கி, தரையைத் தொட்டதும் ஸ்பூல் நிற்கும் அளவுக்குத் திருகுங்கள். லூரை மாற்றினால் இதையும் மாற்ற வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். ஸ்பூலின் வேகத்தைக் குறைக்கும் காந்த பிரேக்கை 10-ல் 8-இல் வைத்துத் தொடங்கி, கை பழகப் பழகக் குறையுங்கள். எதிர்காற்றில் மறுபடி ஏற்றுங்கள். லூர் தண்ணீரைத் தொடும் முன்பே கட்டைவிரல் ஸ்பூலில் படிய வேண்டும். பழகும் வரை 12 பவுண்டு நைலான் நரம்பு போதும். பிரெய்டு சிக்கினால் பிரிப்பது பெரும்பாடு.

விழுந்த சிக்கைப் பிய்த்து இழுக்காதீர்கள். டிராகை (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடி) இறுக்கி, ஸ்பூலைக் கட்டைவிரலால் அழுத்தியபடியே கைப்பிடியை இரண்டு மூன்று சுற்று சுற்றிவிட்டு நரம்பை மெல்ல உருவுங்கள். சாதாரணச் சிக்கு இதிலேயே அவிழும்.

கே: கடற்கரையிலிருந்து பாறை மீனுக்கு ரீல் வாங்க வேண்டும். ஒன்றில் 12 பேரிங், 15 கிலோ டிராக். அதே விலையில் இன்னொன்றில் 5 பேரிங், 9 கிலோ. எதை எடுப்பது? (வாசகர், ராமநாதபுரம்)

ப: பேரிங் எண்ணிக்கையைப் பார்த்து வாங்காதீர்கள். உப்புநீர் புகாத மூடிய பேரிங் ஐந்து, சாதாரண பேரிங் பன்னிரண்டைவிட மேல். டிராகும் அப்படியே: நரம்பின் பலத்தில் கால் முதல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வைக்கக் கூடாது. 20 பவுண்டு நரம்பு என்றால் சுமார் 9 கிலோ தாங்கும். அதற்கு டிராக் இரண்டேகால் முதல் 3 கிலோ. நரம்பு நுனியில் கைத்தராசை மாட்டி இழுத்துப் பார்த்து வையுங்கள். பிறகு 15 கிலோ எதற்கு?

20, 30 கிராம் ஜிக்குக்கு (கனமான உலோக லூர்) 4000 அல்லது 5000 அளவு பொருந்தும். ஸ்பூல் விளிம்புக்கு 2 மி.மீ. கீழே வரை நரம்பு ஏற்றுங்கள். அதற்கு மேல் போனால் வளையம் வளையமாகக் கழன்று முடிச்சு விழும், குறைந்தால் வீச்சு எட்டாது. பிரெய்டுக்கு அடியில் சில மீட்டர் நைலான் சுற்றாவிட்டால் மொத்தமும் ஸ்பூலில் வழுக்கும். டிராக் ஓடிக்கொண்டிருக்கும்போது கைப்பிடியைச் சுற்றாதீர்கள், நரம்பு முறுக்கேறும்.

வீடு திரும்பியதும் டிராகை இறுக்கி, நல்ல தண்ணீரை லேசாகத் தூவிக் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போகும். காய்ந்தபின் டிராகைத் தளர்த்தி வையுங்கள்; இல்லாவிட்டால் வாஷர்கள் நசுங்கி அடுத்த மீனுக்கு விட்டுவிட்டு இழுக்கும்.