சீனி வருத்தம் இருந்தால் கனடாவில் ஆயுள் காப்புறுதி தருவார்களா?

தம்பி, உங்கள் கேள்வியை வாசித்தேன். வயது 39, ஸ்காபரோவுக்கு வந்து பதினொரு மாதம். சீனியும் பிரஷரும் யாழ்ப்பாணத்திலேயே பிடிபட்டு குளிசை போடுகிறீர்கள். மனைவி, இரண்டு பிள்ளைகள். ஒரு ஏஜென்ட் 'ஒரு கேள்வியும் கேட்காத' காப்புறுதியை 25,000 டொலருக்கு எடுக்கச் சொல்கிறார். மற்றவர் சாதாரண காப்புறுதியே எடுக்கலாம், படிவத்தில் சீனியைப் போட வேண்டாம், மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது ஆளின் பக்கமே போகாதீர்கள். என் மச்சாளின் கணவருக்கும் இப்படித்தான் ஓர் ஏஜென்ட் குசினி மேசையில் இருந்து படிவம் நிரப்பினார். சீனி வருத்தம் உண்டா என்ற இடத்தில் 'இல்லை' என்று அவரே அடையாளம் போட்டார், கையெழுத்து மட்டும் இவருடையது. பத்தொன்பதாம் மாதம் மாரடைப்பில் மனிசன் போய்விட்டார். காப்புறுதிக் கம்பனி குடும்ப டொக்டரிடமும் மருந்துக்கடையிலும் பதிவுகளை எடுத்துப் பார்த்தது. ஆங்கிலக் கடிதத்தை வாசித்துச் சொல்லச் சொல்லி மச்சாள் என் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தாள். இரண்டு பக்கக் கடிதம், அதோடு ஒரு காசோலை. 5 லட்சம் டொலர் வரும் என்று இருந்தவளுக்கு வந்தது இதுவரை கட்டிய மாதக்காசு, 1,102 டொலர். அதை எப்படி வாய்திறந்து சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அந்த ஏஜென்டுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

ஒன்ராறியோச் சட்டப்படி முதல் 2 வருடத்துக்குள் ஆள் இறந்தால், முக்கியமான விசயத்தைச் சொல்லாமல் விட்டதைக் காட்டிக் கம்பனி ஒப்பந்தத்தையே இல்லாமல் செய்யலாம். 2 வருடம் கழிந்தபிறகு, வேண்டுமென்றே மோசடி செய்தார் என்று நிரூபித்தால்தான் முடியும். ஆனால் அதை நம்பி ஒளிக்கிறது பிள்ளைகளின் சோற்றை வைத்துச் சூதாடுகிற வேலை.

இனி நல்ல செய்தி. குளிசையில் கட்டுப்பாட்டில் இருக்கிற பிரஷருக்குக் கன கம்பனிகள் சாதாரண விலையே தரும். சீனிக்கு விலை கூடும், ஆனால் கிடைக்கும். அவர்கள் பார்க்கிறது வருத்தத்தின் பெயரை மட்டும் இல்லை. எந்த வயதில் பிடிபட்டது, எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை, சுருக்கமாக ஏ1சி) எவ்வளவு, சிறுநீரில் புரதம் போகிறதா, கண், கால், சிறுநீரகம் எப்படி, சிகரெட் உண்டா, உயரத்துக்கு ஏற்ற நிறையா என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் விலை போடுகிறார்கள். சிகரெட்டும் சீனியும் சேர்ந்தால் விலை எங்கேயோ போய்விடும். விட்டு 12 மாதம் ஆனால்தான் பெரும்பாலும் புகைக்காதவர் விலை.

எனக்கு 2014 இல் 44 வயது, சீனி வந்து ஆறு வருடம். முதலில் ஏ1சி 8.4. அப்போதே விண்ணப்பிக்க ஓடினேன், என் புரோக்கர் மறித்தார். "அக்கா, ஆறு மாதம் பொறுங்கோ, ஒருக்கால் மறுத்தால் அடுத்த படிவத்திலும் அதை எழுத வேண்டி வரும்" என்றார். இரவுச் சோற்றைக் குறைத்து, வேலை முடிய பனியென்றாலும் மோலுக்குள் நடந்து, ஏ1சியை 6.9க்குக் கொண்டுவந்த பிறகுதான் படிவம் போட்டோம். ஒரு சனிக்கிழமை காலை கம்பனி அனுப்பிய தாதி வீட்டுக்கே வந்தா. உயரம், நிறை, மூன்று தரம் பிரஷர், இரத்தம், சிறுநீர். முதல் தரம் பிரஷர் 148 காட்டியது, பயத்தில் வந்தது. அவ தண்ணி குடிக்கச் சொல்லி, பத்து நிமிடம் பேசாமல் இருக்கவிட்டு மறுபடி எடுத்தா, 132. உங்களிடமும் அப்படித் தாதி வரும் நாளில் கோப்பி, உப்புக் கூடின சாப்பாடு, முதல் நாள் இரவு விருந்து ஒன்றும் வேண்டாம். குளிசையை நிறுத்தவே வேண்டாம். 3 லட்சம் டொலர், 20 வருட டேர்ம் காப்புறுதிக்கு வருத்தமில்லாதவர் விலை அப்போது மாதம் 42 என்று காட்டினார்கள். எனக்கு 70 வந்தது. எடுத்தேன், இன்றும் கட்டுகிறேன்.

டேர்ம் என்றால் குறிப்பிட்ட வருடங்களுக்கு மட்டும், அதனால்தான் மலிவு. எங்கள் ஆட்களுக்கு முழு ஆயுளுக்கும் உள்ளதை 'சேமிப்பு' என்று சொல்லி விற்க விரும்புகிறவர்கள் கூட. சிறு பிள்ளைகள் வளரும்வரை உங்களுக்கு வேண்டியது பெரிய தொகை, சின்னக் கட்டணம். ஆனால் ஒன்று கேளுங்கள்: பிறகு மருத்துவப் பரிசோதனை இல்லாமல் நிரந்தரக் காப்புறுதியாக மாற்றும் உரிமை அதில் இருக்கிறதா, எந்த வயது வரை? சீனி உள்ளவருக்கு அந்த ஒரு வரி பெரிய சொத்து.

கேள்வி கேட்காத 25,000 டொலர்ப் பொலிசி கடைசி வழி. அதில் முதல் 2 வருடத்துக்குள் வருத்தத்தால் இறந்தால் பொதுவாகக் கட்டிய காசைத்தான் திருப்பித் தருவார்கள், விபத்தென்றால்தான் முழுத்தொகை. எங்கும் மறுத்தவர்களுக்கு அது உதவும். உங்களுக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை.

அதற்கு முன் வேலையிடத்தில் கேளுங்கள். நிரந்தர வேலையென்றால் பல இடங்களில் குழுக் காப்புறுதி உண்டு, ஒன்று அல்லது இரண்டு வருடச் சம்பள அளவு, மருத்துவக் கேள்வி இல்லாமல். வேலையை விட்டால் பெரும்பாலும் 31 நாளுக்குள் அதைச் சொந்தப் பொலிசியாக மாற்றலாம், பரிசோதனை இல்லாமல். அந்த நாளைத் தவறவிட்டு அழுதவர்களை எனக்குத் தெரியும். அரசாங்கம் பார்க்கும் என்றும் இருக்க வேண்டாம். சீபீபீ (கனடா ஓய்வூதியத் திட்டம்) மரணக் கொடுப்பனவு அடிப்படையில் 2,500 டொலர், அதுவும் குறைந்தது 3 வருடம் கட்டியிருந்தால்.

புரோக்கர் ஒரே கம்பனிக்கு விற்கிறவராக இருக்கக் கூடாது. பல கம்பனிகளோடு வேலை செய்கிறவரிடம் போய், உங்கள் பெயரைக் கொடுக்காமல் வயது, ஏ1சி, மருந்து விபரங்களை மட்டும் அனுப்பி எந்தக் கம்பனி என்ன விலை சொல்லும் என்று முதலே விசாரிக்கச் சொல்லுங்கள். இது வழமையாகச் செய்கிற வேலைதான், தயங்கினால் ஆளை மாற்றுங்கள். அவருடைய உரிமத்தை ஒன்ராறியோ நிதிச் சேவைகள் ஒழுங்குமுறை ஆணையத்தில் பார்க்கலாம். கூடின விலைக்கு எடுத்தாலும் ஒன்றிரண்டு வருடம் ஏ1சி நன்றாக இருந்தால் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். புதியது கையில் வரும்வரை பழையதை நிறுத்தவே கூடாது.

உங்களுக்கு உள்ள உண்மையான இடைஞ்சல் சீனி இல்லை, பதிவு. பதினொரு மாதத்தில் இங்கே குடும்ப டொக்டரிடம் எத்தனை தரம் போயிருப்பீர்கள்? கம்பனி அவரிடம்தான் அறிக்கை கேட்கும், ஒன்றுமில்லாவிட்டால் 'பிறகு வாருங்கள்' என்று தள்ளிப்போடும். மூன்று மாதத்துக்கு ஒருக்கால் ஏ1சி எடுங்கள். ஊரில் கிளினிக் கொப்பி தந்திருப்பார்களே, அது இருக்கிறதா? பெட்டிக்குள் விட்டு வந்திருந்தால் அம்மாவிடம் சொல்லி, திகதி விளங்கும்படி ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த தரம் டொக்டரிடம் போகும்போது அதைக் கொடுத்துப் பதிவில் சேர்க்கச் சொல்லுங்கள். கடைசி ஏ1சி எவ்வளவு என்று எனக்கு எழுதுங்கள், இப்போதே போடலாமா பொறுக்க வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.